காத்துக்கு ஒரு கண்ணு

கண்ணை மூடிக்கோ, அம்மு. மத்தியானம் ஒரு மணி நேரமாவது தூங்கினாத்தான் சாயங்காலம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன்னு உங்க அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. தலையணையைத் தள்ளிப் போடு. ஜன்னலைச் சாத்திடட்டுமா?

"வேணாம் சித்தி, காத்து வரட்டும். சித்தி, ஜன்னலுக்கு ஏன் விண்டோன்னு பேரு வச்சாங்க?"

அதுவா? அதுக்கு ஒரு கதை இருக்கு. சொல்றேன். ஆனா கண்ணைத் திறக்காம 'ம்' மட்டும் சொல்லணும்.

"ம்."

ஒரு மலை. அந்த மலையில ஒரு ஊர். அந்த ஊர்ல ஒரு நீட்டு வீடு இருந்துச்சாம். ரயில் பெட்டி மாதிரி நீட்டு. ஒரே தகரக் கூரை, நடுவுல நடுவுல சுவர். கிழக்கே பார்த்து அஞ்சு வாசல், மேற்கே பார்த்து அஞ்சு வாசல். கிழக்கு வீட்டு முதுகும் மேற்கு வீட்டு முதுகும் ஒட்டிக்கிட்டு இருக்கும், சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்த மாதிரி. அதுக்கு லைன்னு பேரு. தேயிலை எஸ்டேட்ல கொழுந்து எடுக்கிறவங்க எல்லாரும் லைன்லதான் இருப்பாங்க. உங்க அம்மாவும் நானும் அந்த மலையிலதான் பிறந்தோம். இது நாங்க பிறக்குறதுக்கு முன்னாடி நடந்தது.

அந்த ஏழாம் நம்பர் லைன்ல, கிழக்கு வரிசையில நடு வீட்ல மாடத்தின்னு ஒரு அம்மா இருந்தா. அவளுக்கு ஒரே பொண்ணு, பவளம். உன்னைவிட ஒரு வயசு சின்னவ. பவளத்தோட அப்பா இல்ல. தவறிட்டாரு. அம்மாவும் பொண்ணும் மட்டும்தான்.

"ம்."

வீடுன்னா ஒரே ஒரு அறை. அதுலதான் சமையல், அதுலதான் படுக்கை. ஒரு வாசல். ஜன்னல் கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது. மலையில ஆடி மாசம் மழை பிடிச்சா விடாது. சோ...ன்னு பத்து நாள் பெய்யும். விறகெல்லாம் நமத்துப் போயிரும். நமத்த விறகை அடுப்புல வச்சா என்ன ஆகும்?

"புகை."

ஆமா. குபுகுபுன்னு புகை. வெளியே போக வழி இல்லாம கூரையில முட்டிட்டுக் கீழ இறங்கும். அப்போ பவளத்துக்கு இளைப்பு வந்துரும். மூச்சு விடும்போது கொய்ங்... கொய்ங்...ன்னு சத்தம் கேட்கும், யாரோ நெஞ்சுக்குள்ள உக்காந்து ஊதுகுழல் ஊதுற மாதிரி. அப்புறம் இருமல். லொக் லொக் லொக். அவ இருமுற ராத்திரியெல்லாம், பின் சுவத்துல இருந்து டொக் டொக் டொக்னு தட்டுற சத்தம் கேட்கும்.

"யார் தட்டுறா?"

பின் வீட்டுக்காரி. மரியபுஷ்பம்னு பேரு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு முழம் சுவர்தான். ஆனா ஒருத்தி வீட்டை ஒருத்தி பார்த்ததே இல்ல. கிழக்கு வரிசைக்குத் தண்ணிக் குழாய் வேற, மேற்கு வரிசைக்கு வேற. இவங்க கொழுந்து எடுக்கப் போற மலை வேற, அவங்க போற மலை வேற. சத்தத்தை வச்சுத்தான் தெரியும். தேங்காய் துருவுற சத்தம் கேட்டா, "ஓ, அவ வீட்ல இன்னிக்குப் புட்டு"ன்னு மாடத்தி நினைச்சுக்குவா. டொக் டொக்னு கேட்டா பல்லைக் கடிப்பா. "புள்ள மூச்சு விட முடியாம கிடக்கு, இவளுக்குத் தூக்கம் கெடுதாம்!"

அப்போ ஒரு நாள் இளைப்பு ரொம்ப அதிகமாயிருச்சு. பவளத்தைக் கம்பளியில சுத்தி எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. கம்பவுண்டர் மருந்து கொடுத்தாரு. கொடுத்துட்டுச் சொன்னாரு, "இந்தா பாரும்மா, மருந்து பாதிதான். புகையில படுக்க வச்சா இந்த மழைக்காலத்தை இவ தாங்க மாட்டா. ஒண்ணு, வீட்டுக்கு ஒரு ஜன்னல் வை. இல்லைன்னா பிள்ளையைக் கீழ அனுப்பிரு."

கீழன்னா சமவெளி. அங்க மாடத்தியோட அண்ணன் இருந்தாரு. நல்ல மனுஷன். கடுதாசி போட்டதும் பதில் வந்துருச்சு: 'ஆவணி பிறந்ததும் வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன். இங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்து விடுறேன். நீ கவலைப்படாதே.' கவலைப்படாதேன்னு எழுதினதைக் கேட்டுட்டுத்தான் மாடத்தி அழுதாளாம்.

"பவளம் போயிட்டாளா சித்தி?"

அவசரப்படாத. ஆவணிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே. மாடத்தி முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "ஒரு ஜன்னல்தானே, வச்சுருவோம்"னு கிளம்பினா.

முதல்ல எங்க போனா? எஸ்டேட் ஆபீசுக்கு. அங்க ராஜரத்தினம்னு ஒரு கிளார்க். ஒல்லியா இருப்பாரு. மேஜையில தலகாணி மாதிரி ஒரு அகராதி வச்சிருப்பாரு. துரைக்கு மனு எழுதணும்னா இங்கிலீஷ்லதான் எழுதணும். ஒரு வார்த்தையைக்கூட அகராதியில பார்க்காம எழுத மாட்டாரு. தெரிஞ்ச வார்த்தையையும் பார்ப்பாரு.

"என்னம்மா வேணும்?"

"ஒரு ஜன்னல் வேணும்யா."

"ஜன்னல்... விண்டோ..." சரக் சரக்னு தாளைப் புரட்டினாரு. விரலை வச்சு நிறுத்தினாரு. புருவம் ரெண்டும் மேல ஏறிருச்சு. "அட! மாடத்தி, இது இங்கிலீஷ்காரன் வார்த்தையே இல்லையாம். ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, வடக்கே பனி நாட்டுல இருந்து கப்பல்ல வந்தாங்களே, அவங்க கொண்டு வந்து விட்டது. முதல் பாதிக்குக் காத்துன்னு அர்த்தம். பின் பாதிக்குக் கண்ணு. காத்தோட கண்ணு!"

"காத்துக்குக் கண்ணு இருக்காய்யா?"

"இருந்துச்சு போல. அந்த ஊர்ல பயங்கரக் குளிர். வீட்டுக்கு நடுவுல அடுப்பு எரியும். சுத்திச் சுவர். கூரையில மட்டும் ஒரு ஓட்டை விட்டிருப்பாங்க. அது வழியாப் புகை மேல போகும், காத்தும் வெளிச்சமும் உள்ள வரும். கண்ணாடியும் கிடையாது, கம்பியும் கிடையாது. எங்க வாத்தியார் சொல்லியிருக்காரு. அந்த ஓட்டைக்குத்தான் முதல்ல இந்தப் பேரு. அப்புறம்தான் சுவத்துக்கு இறங்கி வந்து இவ்வளவு பெரிசாச்சு."

"சித்தி, அப்போ நம்ம ஜன்னல்?"

'ம்' மட்டும்னு சொன்னேன்ல? சரி கேளு. ஜன்னலும் கப்பல்ல வந்த வார்த்தைதான். போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது.

"நமக்குன்னு ஒரு பேரு இல்லையா?"

ஏன் இல்ல? காலதர்னு ஒரு பழைய பேரு இருக்கு. கால்னா காத்து. அதர்னா வழி. காத்து வர்ற வழி. நான் காலேஜ்ல படிக்கும்போது அந்த வார்த்தையைப் பார்த்துட்டு, லைப்ரரியில தனியா உக்காந்து சிரிச்சேன். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.

"கண்ணா, வழியா? எது சரி?"

நீயே கண்டுபிடி. கண்ணை மூடு.

மனு போச்சு. எட்டு நாள் கழிச்சு, வேலை பிரிச்சுக் கொடுக்குற காலையில, சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னாடி மாடத்தியைக் கூப்பிட்டாரு. கறுப்புக் குடை, அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் காலுறை. "மாடத்தி, உன் வீட்டு முன்பக்கம் வாசல் இருக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுத்த வீடு. பின்பக்கமும் அடுத்த வீடு. ஜன்னலை எங்க வைக்கிறது? உன் தலையிலயா?"

எல்லாரும் சிரிச்சாங்க. மாடத்தியும் சிரிச்சா. ஆனா அவ மண்டையில பளிச்சுன்னு ஒண்ணு மின்னிருச்சு. தலையிலயா! அந்தப் பனி நாட்டுக்காரன் தலையிலதானே வச்சான்?

"ம்?"

கூரையிலன்னு சொல்றேன். அன்னிக்குச் சாயங்காலம் விறகுக் கட்டு மேல ஏறினா. தகரத்தை ஒரு கம்பால நெம்பினா. கிரீச்...! கொஞ்சம் தூக்கி, நடுவுல ஒரு கல்லைச் செருகினா. இறங்கி வந்து அடுப்பை மூட்டினா. புகை வந்துச்சு. மேல போச்சு. அந்தச் சந்தைப் பார்த்துச்சு. சுர்ர்னு வெளியே போயிருச்சு! பவளம் கை தட்டினா. "அம்மா, புகை வீட்டை விட்டுப் போகுது!" மாடத்திக்கு ஒரே சந்தோஷம். கருப்பட்டி போட்டு ரெண்டு பேரும் காப்பி குடிச்சாங்க.

அந்தக் காப்பி தீரல, மழை வந்துருச்சு. அந்த நாட்டுல வானத்துல இருந்து விழுறது பனி, மெத்து மெத்துனு விழும். நம்ம மலையில விழுறது மழை. சட சட சட சட! நேரா அடுப்புல. புஸ்ஸ்ஸ்! அடுப்பு அணைஞ்சு போச்சு. பாயி நனைஞ்சு, அரிசிப் பானை நனைஞ்சு, பவளத்தோட பாவாடை நனைஞ்சு, வீட்டுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. அதுல ஒரு அட்டை வேற நெளிஞ்சு நெளிஞ்சு வருது. காலையில சூப்பர்வைசர் வந்து கூரையைப் பார்த்துட்டாரு. கல்லை எடுத்து வீசினாரு. "எஸ்டேட் வீட்டுல இன்னொரு தடவை கை வச்சே, சீட்டைக் கிழிச்சிருவேன். வேலையும் கிடையாது, வீடும் கிடையாது. தெரிஞ்சுதா?"

தெரிஞ்சுது. ஆடி மாசம் பாதி போயிருச்சு. பவளத்துக்குத் துணிமணி எடுத்து ஒரு பையில மடிச்சு வச்சா. மடிச்சதை மறுபடி எடுத்து வெளியே வச்சா. மறுபடி மடிச்சா.

"ம்..."

மூணாவதா என்ன பண்ணினா தெரியுமா? பவளத்தை இடுப்புல தூக்கிக்கிட்டு, கம்பளியைத் தலையில போட்டுக்கிட்டு, வீட்டைச் சுத்திக்கிட்டு நடந்தா. குழாயடி தாண்டி, கோழிக்கூண்டு தாண்டி, மேற்கு வரிசைக்கு. அந்தப் பக்கம் போய் நின்னதுதான் தாமதம், காத்து! ஊஊஊன்னு அடிக்குது. மலைச் சரிவு முழுக்கத் தேயிலை அலை அலையாப் படுக்குது. இவ்வளவு காத்து ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்குன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. நடு வீட்டுக் கதவைத் தட்டினா. கதவு விரல் அளவு திறந்துச்சு.

"யாரு?"

"முன் வீட்டு மாடத்தி. ஒரு சங்கதி கேட்கணும்."

"உள்ள வா, கதவைச் சாத்து, காத்து அடிக்குது!"

உள்ள போனா இங்கயும் புகை. புஷ்பத்துக்குக் கண்ணு ரெண்டும் மிளகாப்பழம். காத்துக்குப் பயந்து கதவைச் சாத்தி வச்சே சமைச்சுச் சமைச்சுக் கண்ணு அப்படி ஆயிருந்துச்சு. நல்ல உயரம், பெரிய குரல். பவளத்தை மேலயும் கீழயும் பார்த்தா. "இதாக்கும் இருமுற பிள்ளை?"

மாடத்திக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "ஆமா. நீங்கதான் சுவத்துல தட்டுறவங்களா?"

"நான்தான் தட்டினேன். முதல்ல கோவத்துலதான் தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், கேட்டியா? அப்புறம் ஒரு நாள் இருமல் சத்தம் பட்டுனு நின்னுட்டு. எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிட்டு. பிள்ளைக்கு என்னமோ ஆச்சுன்னு நினைச்சுத் தட்டினேன். லொக்குன்னு ஒண்ணு கேட்ட பொறவுதான் எனக்கு உயிரு வந்துது. அதுல இருந்து சத்தம் நின்னா தட்டுவேன். அது இருமினா நான் விட்டுருவேன்."

மாடத்தி இத்தனை நாளா யாரைத் திட்டினோம்னு நினைச்சுப் பார்த்தா. அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னா. உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை போடணும். நீங்க உங்க வாசலைத் திறந்து வைக்கணும். அப்போ காத்து உங்க வீட்ல நுழைஞ்சு, ஓட்டை வழியா எங்க வீட்டுக்கு வந்து, எங்க வாசல் வழியாப் போகும். இல்லைன்னா ஆவணியில என் புள்ளையை அனுப்பிரணும்.

புஷ்பம் யோசிச்சா. "நான் வாசலைத் திறந்து வச்சா எனக்குக் குளிரும்."

"என் கம்பளியைத் தர்றேன் அக்கா."

எஸ்டேட்ல வருஷத்துக்கு ஒரு கம்பளிதான் கொடுப்பாங்க. மழையில அதைப் போர்த்திக்கிட்டுத்தான் கொழுந்து எடுக்கணும். அதைக் கொடுத்துட்டா நனைய வேண்டியதுதான்.

"கொண்டா. வேண்டாம்னு சொல்லுவேன்னு நினைச்சியா?" புஷ்பம் கையை நீட்டி வாங்கிக்கிட்டா. "சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா?"

"ரெண்டு பேர் சீட்டையும் கிழிச்சிருவாரு."

"கிழிக்கட்டும். கிழிச்ச பொறவு பார்த்துக்குவோம்."

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம். எல்லாரும் டவுன் சந்தைக்குப் போயிட்டாங்க. புஷ்பம் உரலை வாசல்கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு அரிசி இடிச்சா. டொம்! டொம்! டொம்! அவ டொம்னு இடிக்கும்போது மாடத்தி சுவத்துல டக்குனு ஒரு குத்து. டொம், டக். டொம், டக். வெளியில போறவங்களுக்கு மாவு இடிக்கிற சத்தம்தான் கேட்கும். கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின சுவர். மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஒரு கல்லை அசைச்சா. அது வந்துச்சு. இன்னொண்ணையும் அசைச்சா. அதுவும் வந்துச்சு. கையை விட்டுப் பார்த்தா, அந்தப் பக்கம் இருந்து ஒரு கை வந்து அவ கையைப் பிடிச்சுச்சு. மாவுக் கை.

"ம்... சித்தி, காத்து வந்துச்சா?"

விர்ருனு வந்துச்சு! பவளத்தோட முடியெல்லாம் பறந்துச்சு. மூணு பேரும் சிரிச்சாங்க. ஆனா சாயங்காலம் என்ன ஆச்சு தெரியுமா? புஷ்பம் அடுப்பு மூட்டினா. அந்தப் புகை முழுக்க அந்த ஓட்டை வழியா மாடத்தி வீட்டுக்கு வந்துருச்சு. ரெண்டு வீட்டுப் புகை ஒரே வீட்ல. கொய்ங் கொய்ங்... பவளத்துக்கு உதடு நீலமாயிருச்சு. மாடத்தி அவளைத் தூக்கிட்டு வெளியே மழையில ஓடினா. புஷ்பம் இருந்த தண்ணியையெல்லாம் அடுப்புல ஊத்திட்டு, அந்தப் பக்கம் சுத்தி ஓடி வந்தா. அந்தக் கம்பளியாலேயே மூணு பேரும் தலையை மூடிக்கிட்டுத் தேயிலைச் செடிக்கு நடுவுல நின்னாங்க. நிக்கவும் முடியல, உள்ள போகவும் முடியல. மெல்ல மெல்ல பவளத்துக்கு மூச்சு வந்துச்சு.

"அடைச்சிரலாம் அக்கா," மாடத்தி சொன்னா. "என் புள்ளை கீழயே போகட்டும்."

புஷ்பம் மாடத்தி வீட்டு வாசலுக்குப் போனா. வாசல்ல நின்னு வீட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கேட்டா, "மாடத்தி, காத்து எந்தப் பக்கம் இருந்து வருது?"

"உங்க பக்கம் இருந்து."

"எந்தப் பக்கம் போகுது?"

"எங்க வாசல் பக்கம்."

"அப்போ கிழக்கு வாசல்கிட்ட அடுப்பை வச்சா?"

"புகை நேரா வெளியே போயிரும். ஆனா உங்க அடுப்பு?"

"என் அடுப்பு எதுக்கு? உன் அடுப்பு போதாதா?"

பார்த்தியா அம்மு? அவ்வளவுதான் விஷயம். மறுநாள் மாடத்தி அடுப்பை இழுத்து வாசலோரம் வச்சா. புஷ்பம் தன்னோட அடுப்புக் கல்லு மூணையும் தூக்கி வெளியே போட்டா. விடியக்காலம் அஞ்சு மணிக்கு டொக் டொக்னு சுவத்துல சத்தம் கேட்கும். ஓட்டை வழியா ஒரு பானை வரும், கழுவின அரிசியோட. ஒரு அடுப்பு, ரெண்டு பானை. வெந்ததும் அந்தப் பானை அதே வழியாத் திரும்பிப் போகும்.

சண்டை வராமலா இருக்கும்? "ஏ மாடத்தி, இது குழம்பா, புளித் தண்ணியா? தேங்காய் எங்க?" "உங்க ஊருக்குத் தேங்காய் இல்லைன்னா உசுரு போயிருமா அக்கா?" "போகும்! தேங்காய் எண்ணெய்லயாவது தாளி!" "தேங்காய் எண்ணெய் தலைக்குத்தான், குழம்புக்கு இல்ல!" பவளம் நடுவுல ஓட்டைகிட்ட உக்காந்து, இந்தப் பக்கச் சோறும் அந்தப் பக்கக் கறியும் சாப்பிட்டா.

"ம்... அவளுக்குச் சரியாயிருச்சா?"

கொஞ்சம் கொஞ்சமா. கொய்ங் குறைஞ்சுது. ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவைதான் இருமினா. மாடத்தி ஓட்டையை மறைக்க ஒரு காலண்டர் மாட்டினா, டவுன் ஜவுளிக்கடையில கொடுத்தது. அந்தப் பக்கம் புஷ்பம் ஒரு காலண்டர் மாட்டினா. காத்து அடிக்கும்போது ரெண்டும் படபடபடன்னு அடிச்சுக்கும்.

ஆனா புஷ்பம் வாயை மூடிக்கிட்டு இருப்பாளா? குழாயடியில ஒருத்திகிட்ட சொன்னா. "யார்கிட்டயும் சொல்லாத, கேட்டியா?" அவ இன்னொருத்திகிட்ட சொன்னா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு. அடுத்த ஞாயிறு, ஏழாம் நம்பர் லைன்ல எல்லா வீட்லயும் உரல் சத்தம். டொம், டக். டொம், டக். சூப்பர்வைசர் அந்த வழியா வந்தாரு. "என்ன, இந்த லைன்ல எல்லாருக்கும் இன்னிக்குப் புட்டா?"ன்னு கேட்டுக்கிட்டே போயிட்டாரு.

ஆனா மூணாம் நாள் திரும்பி வந்தாரு, கூரையைப் பார்க்க. மாடத்தி வீட்டுக்குள்ள நுழைஞ்சாரு. கூரை சரியா இருந்துச்சு. சுவத்துல காலண்டர் தொப்பையா உப்பிக்கிட்டு நின்னுச்சு. "இது ஆடி மாசம். உன் காலண்டர் இன்னும் தை மாசம் காட்டுது"ன்னு சொல்லிக்கிட்டே தாளைக் கிழிக்கப் போனாரு. காலண்டரைத் தூக்கினாரு. உள்ள இன்னொரு காலண்டரோட முதுகு. அதை அந்தப் பக்கம் இருந்து யாரோ தூக்கினாங்க. புஷ்பத்தோட முகம்!

"அய்யாவா? காப்பி குடிக்கியளா?"

சூப்பர்வைசர் குடையைக் கீழ போட்டுட்டாரு. அதை எடுத்துக்கிட்டு வெளியே வந்தாரு. அடுத்த வீட்டுக்குப் போனாரு. பின் சுவத்துல ஒரு காலண்டர். அதுக்கடுத்த வீடு, ஒரு காலண்டர். சுத்திக்கிட்டு மேற்குப் பக்கம் போனாரு. காலண்டர், காலண்டர், காலண்டர். பத்து வீட்லயும் ஒரே உயரத்துல பத்து காலண்டர். எல்லாம் படபடபடன்னு அடிக்குது.

கோபமா ஆபீசுக்குப் போனாரு. "ராஜரத்தினம், எழுதுங்க! சுவரை உடைச்சவங்க பேரெல்லாம் எழுதுங்க!"

ராஜரத்தினம் பேனாவைத் திறந்தாரு. "எத்தனை வீடு சார்?"

"பத்து வீடும்!"

"அப்போ இருபத்தி ரெண்டு பேரு சார். இருபத்தி ரெண்டு பேரையும் அனுப்பிட்டு, நாளைக்குக் கொழுந்து யார் சார் எடுப்பா? நீங்களும் நானுமா?"

சூப்பர்வைசர் ஜன்னல் வழியா வெளியே பார்த்தாரு. ஆபீசுக்கு ஜன்னல் இருந்துச்சு, நாலு.  அப்புறம் குடையை விரிச்சுக்கிட்டே சொன்னாரு, "ஏழாம் நம்பர் லைன் வீடுகளில் காலண்டர் மாட்டப்பட்டுள்ளதுன்னு எழுதுங்க."

"ம்..."

தூக்கம் வருதா? இன்னும் கொஞ்சம்தான்.

ஆவணி பிறந்துச்சு. மத்தியான பஸ்ல பவளத்தோட மாமா வந்து இறங்கினாரு. கையில ஒரு பொரி பொட்டலம், தங்கச்சி மகளுக்குப் புதுச் செருப்பு. மாடத்தி துணிப்பையைக் கொண்டு வந்து வாசல்ல வச்சா.   தெரியுறதை அவரே பார்க்கட்டும்னு விட்டுட்டா.

மாமா உள்ள வந்தாரு. பவளம் பாயில ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்கிட்டு இருந்தா. அவரு குனிஞ்சு, காதை அவ முதுகுகிட்ட வச்சுக் கேட்டாரு. போன வருஷம் கேட்டிருக்காரே அந்தச் சத்தத்தை. கொய்ங் இல்ல. விசில் இல்ல. வெறும் மூச்சு. போகுது, வருது. போகுது, வருது. அவரு கண்ணை மூடி அப்படியே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

"அண்ணே, எழுப்பட்டுமா? பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எழுப்பாத புள்ள," மெதுவாச் சொன்னாரு மாமா. "இது எத்தனை நாள் தூக்கமோ. தூங்கட்டும்."

அவரு பொரியையும் செருப்பையும் பாய்ப்பக்கத்துல வச்சாரு. துணிப்பையை எடுத்து, உள்ளே இருந்த பாவாடைகளை ஒவ்வொண்ணா எடுத்துக் கொடியில போட்டாரு. காலிப் பையை மடிச்சுத் தங்கச்சி கையில கொடுத்தாரு. சத்தமில்லாம நடந்து போய் பஸ் ஏறினாரு.

பவளம் எந்திரிக்கவே இல்ல. சாயங்காலம் வரைக்கும் தூங்கினா.

கதை பஸ் ஏறிக் கீழ இறங்கிப் போயிருச்சு, அம்மு. நீ பாயிலயே இரு. மூச்சு போகட்டும், வரட்டும். தூங்கு.